களத்தில் நிற்கும் கேமரா
பாரதக் கூத்தின் துயரமும் அதைப் படம்பிடிக்கும் முறையும்: அறக்கட்டளைச் சொற்பொழிவு



திருத்தணியில் பேச வருகிறவர்கள் முருகனில் தொடங்குவதுதான் முறை. நான் அவனை மனத்தில் வணங்கிக்கொண்டு மலைக்குக் கீழேயே நின்றுவிடுகிறேன். 365 படிகளுக்கு மேலே நடப்பதைப் படம்பிடிக்க ஆளுக்குக் குறைவில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் ஏறுவதைத் தொலைக்காட்சிகள் காட்டுகின்றன. டிசம்பர் 31 அன்று நடக்கும் திருப்படித் திருவிழாவும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மலைக்குக் கீழே சுற்றுக் கிராமங்களில், திரௌபதி அம்மன் கோயில் திடல்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்துக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. அதைப் பிடிப்பவை ஜனங்கள் கையிலிருக்கும் செல்போன்கள், கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிகளின் கேமராக்கள், சில யூடியூப் சேனல்கள்.

இன்றைய உரைக்கு ஒரே கேள்விதான். கர்ணன் சாகும் இரவையும் துரியோதனன் விழும் காலையையும் படம்பிடிப்பதென்றால், கேமராவை எங்கே நிறுத்துவது? என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டத்துக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, நகராமல், விடியும் வரை. இனிச் சொல்லப்போவதெல்லாம் அதற்கான காரணங்கள்.

எல்லைக்கு இரு பக்கமும் ஒரே பாரதம்

1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது, சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டமும், எல்லை குறித்துப் படாஸ்கர் அளித்த பரிந்துரையும், அதையொட்டி வந்த சட்டமும் இந்த அவைக்குப் புதியவை அல்ல. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எங்கே எந்த ஊர் சேரும் என்று அத்தனை வாதாடியவர்கள் ஒன்றை மட்டும் பங்குபோட நினைக்கவில்லை. அது பாரதத் திருவிழா.

இந்தப் பக்கம் கூத்து. சித்தூர்ப் பக்கம் தெலுங்கில் வீதி நாடகம். இந்தப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் என்றும் தர்மராஜா கோயில் என்றும் சொல்கிறோம்; அந்தப் பக்கமும் அப்படியே. அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவது இரண்டு பக்கமும் உண்டு. துரியோதனனை மண்ணால் செய்து படுக்கவைப்பது இரண்டு பக்கமும் உண்டு. தீமிதியோடு விழா நிறைவதும் இரண்டு பக்கமும் உண்டு. ஒரே சாவுக்கு இரண்டு மொழியில் அழும் நிலப்பகுதி இது. கூத்தைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

கூத்தின் பெயரைப் பற்றி ஆய்வாளர்களிடையே ஒரு விவாதம் உண்டு. தெருக்கூத்து என்பார் சிலர். கட்டைக்கூத்து என்பதே கலைஞர்கள் விரும்பும் பெயர் என்பார் சிலர். அந்த வழக்கில் இறங்காமல், திடலில் உட்கார்ந்திருப்பவர்கள் சொல்வதுபோல் கூத்து என்றே சொல்லிப் போகிறேன்.

பாட்டு மீண்டது, திருவிழா மீளவில்லை

முழுவதும் பாட்டாலேயே நடக்கும் துயர நாடகத்தை ஐரோப்பாவில் ஓபரா என்கிறார்கள். அது பிறந்த கதை நமக்குப் பயன்படும். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்தில் சில அறிஞர்களும் இசைவாணர்களும் கூடிப் பேசினார்கள். பழைய கிரேக்கரின் துயர நாடகங்கள் இசையோடு பாடப்பட்டவை என்பது அவர்கள் எண்ணம். அந்த இசை நாடகத்தை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும் என்று முயன்றார்கள். அந்த முயற்சியில் விளைந்ததுதான் 1600-இல் அரங்கேறிய யாகொப்போ பேரியின் 'யூரிடிசே'. 1607-இல் வந்த மான்டெவெர்டியின் 'ஆர்ஃபியோ' அந்த வடிவத்தை நிலைநிறுத்தியது.

கிரேக்க நாடகம் டயோனிசஸ் என்ற தெய்வத்தின் திருவிழாவில், திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில், ஊரே கூடியிருக்க நடந்தது. ஃபுளோரன்ஸ்காரர்கள் பாட்டை மீட்டார்கள். திருவிழாவை மீட்க அவர்களால் ஆகவில்லை. ஓபரா அரண்மனைக்குள் பிறந்தது. பிறகு சீட்டு வாங்கிப் போகும் அரங்குக்குள் குடியேறியது. காலப்போக்கில் பார்வையாளர் பக்கம் விளக்கை அணைத்து, அவர்களை இருட்டில் உட்காரவைத்தது. அழுதாலும் அடுத்தவருக்குத் தெரியாது.

நம் ஊரில் பாட்டும் திருவிழாவும் பிரியவே இல்லை. பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்கிறார். இரவில் ஜமா, அதாவது கூத்துக் குழு, அதை ஆடுகிறது. கோயிலில் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கிறது. ஊரார் விரதம் இருக்கிறார்கள். பார்க்க வந்தவரும் விழாவின் ஒரு பகுதிதான். ஓபராவைப் படமெடுத்த முறையை அப்படியே கூத்துக்குக் கொண்டுவர முடியாததற்கு அடிப்படைக் காரணம் இதுவே.

கர்ணன் சாகும் இரவு

பாரதக் கூத்தில் துயரம் மிகுந்த இரவுகள் பல. துகிலுரிதல், அபிமன்யு சண்டை, அரவான் களபலி எல்லாம் உண்டு. ஆனாலும் 'கர்ண மோட்சம்' என்றால் கூட்டமே வேறு மாதிரி வரும்.

இரவு கூத்தின் தொடக்கமாகக் களரி கட்டும்போது மிருதங்கமும் டோலக்கும் முகவீணையும் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கும். கட்டியங்காரன் வந்து சிரிக்கவைப்பான். பிறகு இரண்டு பேர் திரையைப் பிடிப்பார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சி தெரியும். கீழே சலங்கை கட்டிய கால் தெரியும். கர்ணன் உள்ளேயிருந்தே விருத்தம் பாடுவான். முகம் தெரிவதற்கு முன்பே குரல் அவனைக் கொண்டுவந்து நிறுத்திவிடும். திரை விலகியதும் அவன் சுற்றி ஆடும் வேகத்தில், கட்டையில் பதித்த கண்ணாடித் துண்டுகள் வெளிச்சத்தை நாலா பக்கமும் இறைக்கும்.

அந்தக் கட்டையைக் கொஞ்சம் கவனியுங்கள். கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம். எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடியும் ஒட்டியவை. அரிதாரம் கனமாக இருக்கும். புருவமும் மீசையும் பெரிதாக இருக்கும். ஏன்? கடைசி வரிசையில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் கர்ணன் ராஜாவாகத் தெரிய வேண்டும். இந்த வேஷம் தூரத்துக்காகச் செய்யப்பட்டது. ஒரு முழத் தொலைவில் கேமராவை வைத்தால், ராஜா மறைந்து வியர்வையில் கரையும் வண்ணம்தான் தெரியும்.

கதையில் என்ன நடக்கும் என்பது திடலில் உள்ள ஆறு வயதுப் பையனுக்கும் தெரியும். பொன்னுருவி தன் கணவனைப் பிறப்புத் தெரியாதவன் என்று இகழ்ந்து ஒதுக்கியவள். போருக்குப் போகும் முன் கர்ணன் அவளிடம் விடைபெற வருகிறான். அந்தத் தர்க்கம் மணிக்கணக்கில் நீளும். அவன் பாட, அவள் மறுக்க, பின்பாட்டுக்காரர்கள் கடைசி அடியை வாங்கித் திருப்பிப் பாட, ஒவ்வொரு சுற்றிலும் அவள் மனம் கொஞ்சம் இளகும். அவள் முழுவதும் இளகும் நேரத்தில் அவனுக்குப் போகும் நேரம் வந்துவிடும். பிறகு சல்லியனின் தேர், நாகாஸ்திரம், மண்ணில் இறங்கும் சக்கரம், கிழவேதியராக வந்து புண்ணியத்தை யாசிக்கும் கண்ணன், ஓடிவந்து மடியில் தாங்கும் குந்தி.

இடையிடையே கட்டியங்காரன் கேலி பேசுவான். ஊர்ப் பெரியவர் வந்து கர்ணன் மார்பில் ரூபாய் நோட்டைக் குத்துவார். அவர் பெயரைச் சொல்லி வாழ்த்துவார்கள். அதற்குள் டீ வரும். மறுபடி முகவீணை ஏறும்போது கர்ணன் விட்ட இடத்திலிருந்து சாகத் தொடங்குவான். துயரம் என்றால் இடைவிடாமல் இறுக்கமாக இருக்க வேண்டும் என்பது அரங்கத்தின் இலக்கணம். விடிய விடிய உட்கார்ந்திருக்கும் ஊருக்குச் சிரிப்பும் வேண்டும், டீயும் வேண்டும்.

இன்னொன்றும் இங்கே உண்டு. இது திரௌபதி அம்மன் விழா. அவளுடைய திடலில், அவளுடைய விரதத்தில், அவளைச் சபையில் இழிவாகப் பேசிய கர்ணனுக்காக ஊர் அழுகிறது. பதினெட்டாம் போர் முடிந்த காலையில் துரியோதனனுக்கும் அழப்போகிறது. எதிரிக்காக அழுவதற்கு அம்மன் கோயிலிலேயே இடம் வைத்த மரபு இது. இதைப் படத்தில் காட்ட வேண்டுமென்றால் கர்ணன் முகம் போதாது. அழும் ஊரும் தெரிய வேண்டும்.

நூல் நின்ற இடத்தில் தொடங்கும் அழுகை

வில்லிபுத்தூரார் பாரதம் பத்துப் பருவங்களோடு, பதினெட்டாம் நாள் போரின் முடிவோடு நின்றுவிடுகிறது. வடமொழியில் அதற்கடுத்து வருவது பெண்கள் களத்தில் வந்து புலம்பும் ஸ்திரீ பருவம். பின்னால் வந்த நல்லாப்பிள்ளை கதையை விரித்துப் பாடினார். ஆனாலும் பெண்களின் புலம்பலுக்கு நம் ஊர்கள் கண்டுகொண்ட இடம் புத்தகத்துக்கு வெளியே இருக்கிறது. அதுதான் படுகளம்.

இரவு முழுக்கப் பதினெட்டாம் போர் ஆடிய ஜமா, விடிந்தபின் வேஷம் கலைக்காமல் திடலுக்கு வருகிறது. அங்கே மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். பல அடி நீளம், வண்ணம் பூசிய முகம், முறுக்கிய மீசை. பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுருவைச் சுற்றி ஓடிச் சண்டையிடுவார்கள், மேலேயும் ஏறுவார்கள், கூட்டம் விலகி வழிவிடும், மறுபடி நெருங்கும். தொடையில் அடி விழுந்ததும் அங்கே செந்நிறம் கசியும். அம்மனின் கூந்தல் முடியப்படும். காந்தாரியாகவோ, கூத்தில் துரியோதனன் மனைவியாக வரும் பெருந்திருவாளாகவோ வேஷம் கட்டியவர் ஒப்பாரி வைப்பார். சில ஊர்களில் துடைப்பமும் முறமும் எடுத்து அடித்து அழுவதும் உண்டு. எல்லாம் முடிந்தபின் அந்த மண்ணை ஆளாளுக்கு அள்ளிக்கொண்டு போவார்கள்; வயலில் போடுவார்கள், வீட்டில் வைப்பார்கள்.

இதில் நாடகம் எங்கே முடிந்து சடங்கு எங்கே தொடங்குகிறது? நடிகர் யார், பார்வையாளர் யார்? கடைசிக் காட்சியில் மண்ணை மடியில் கட்டிப் போகும் பெண்மணிக்கும் அதில் வேஷம் உண்டு. அவரை விட்டுவிட்டுப் பிடித்த படம் பாதிப் படம்.

ஐரோப்பா தன் துயரத்தைப் படம்பிடித்த விதம்

ஓபராவைப் படமெடுத்தவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதும் உண்டு, விலக்க வேண்டியதும் உண்டு. இரண்டையும் காட்ட ஒரே நாடகம் போதும்: புச்சினியின் 'தோஸ்கா'. 1900 ஜனவரி 14 அன்று ரோமில் அரங்கேறியது. தோஸ்கா ஒரு பாடகி. அவள் காதலன் ஓவியன். அவனைப் பிடித்துவைத்துச் சித்திரவதை செய்யும் போலீஸ் தலைவன் ஸ்கார்ப்பியா, அவனை விடுவிக்க அவளையே விலையாகக் கேட்கிறான். அவள் ஸ்கார்ப்பியாவைக் குத்திக் கொல்கிறாள். காதலனைச் சுடுவது வெறும் பாவனைதான் என்று நம்பவைத்திருந்தார்கள், உண்மையாகவே சுட்டுவிடுகிறார்கள். விடியும் நேரத்தில் அவள் கோட்டை மதிலிலிருந்து குதிக்கிறாள்.

1964 பிப்ரவரி 9 அன்று லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் மரியா காலாஸும் டிட்டோ கோபியும் இதன் இரண்டாம் அங்கத்தைப் பாடினார்கள். பிரிட்டிஷ் தொலைக்காட்சி அதைக் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்தது. கேமரா காலாஸின் முகத்தை நெருங்குகிறது. மேசைமேல் கத்தியைக் கண்டதும் அந்தக் கண்ணில் ஓடுவது அரங்கின் மேல்மாடியில் இருந்தவருக்குத் தெரிந்திருக்காது. படம் பார்க்கும் நமக்குத் தெரிகிறது. அங்கே நெருக்கம் லாபம். ஏனென்றால் காலாஸ் முகத்தாலேயே நடித்தவர். பார்வையாளர்கள் ஏற்கெனவே இருட்டில் இருந்தார்கள். அவர்களை விட்டதால் படத்துக்கு நஷ்டமில்லை.

1992 ஜூலையில் இத்தாலியில் இன்னொரு துணிச்சல் நடந்தது. தோஸ்காவின் கதை எந்த இடத்தில், எந்த வேளையில் நடக்கிறதோ அங்கேயே, அந்த வேளையிலேயே பாடி, நேரலையாக ஒளிபரப்பினார்கள். முதல் அங்கம் ரோமின் ஒரு தேவாலயத்தில் நண்பகலில்; இரண்டாவது ஃபர்னேசே அரண்மனையில் இரவில்; மூன்றாவது சான்ட் ஆஞ்சலோ கோட்டை மேல் மறுநாள் விடியலில். பிளாசிடோ டொமிங்கோ, கேத்தரின் மால்ஃபிட்டானோ, ருஜெரோ ரைமோண்டி பாடினார்கள். ஒளிப்பதிவு விட்டோரியோ ஸ்டொராரோ. வாத்தியக் குழுவை நடத்தியவர் பம்பாயில் பிறந்த நம் ஜுபின் மேத்தா. வாத்தியக் குழு அந்த இடங்களில் இல்லை. வேறொரு அரங்கில் உட்கார்ந்து வாசித்தது. பாடகர்கள் மறைத்துவைத்த ஒலிபெருக்கிகளில் அதைக் கேட்டுப் பாடினார்கள்.

உலகம் வியந்த சாதனை அது. ஆனால் நம் படுகளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கதை விடியலில் முடிந்தால் நாடகமும் விடியலில் முடிய வேண்டும் என்று அங்கே ஒருமுறை செய்து காட்டியதை, இங்கே ஊர்கள் திருவிழாதோறும் செய்கின்றன. அதற்கு மேல் ஒன்றும் செய்கின்றன. ரோமில் இடம் உண்மை, வேளை உண்மை. உடன் அழ ஆள் இல்லை. பார்த்தவர்கள் அவரவர் வீட்டில் இருந்தார்கள். நம் திடலில் ஆளும் உண்டு.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா 2006 டிசம்பர் 30 அன்று மோட்சார்ட்டின் 'மாயக் குழல்' நாடகத்தைத் திரையரங்குகளுக்கு நேரலையாக அனுப்பி ஒரு புதிய வழக்கத்தைத் தொடங்கியது. தனியே வீட்டில் பார்ப்பதைவிட நாலு பேரோடு பார்க்கட்டும் என்ற அந்த எண்ணம் கவனிக்கத்தக்கது. கூட்டம் வேண்டும் என்று அவர்களுக்கும் பட்டிருக்கிறது.

நாம் பிடித்த விதம்

தமிழ்ச் சினிமா நாடக மேடையிலிருந்து வந்த பிள்ளை. 1931 அக்டோபர் 31-இல் வெளியான 'காளிதாஸ்' படத்தில் டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, உடன் நடித்தவர்கள் தெலுங்கிலும் பேசினார்கள். நம் எல்லையூர்ச் சந்தையில் கேட்கும் பேச்சைப்போலவே இருந்திருக்கும். அந்தப் படத்துக்கு இன்று பிரதி இல்லை. படமாக எடுத்துவிட்டாலே காப்பாற்றிவிட்டோம் என்று நினைப்பவர்கள் இதை ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

கர்ணனைச் சினிமா மறக்கவில்லை. 1964-இல் பி.ஆர். பந்துலுவின் 'கர்ணன்' வந்தது. சிவாஜி கர்ணன், என்.டி. ராமராவ் கண்ணன். அதே ராமராவ் 1977-இல் தெலுங்கில் 'தான வீர சூர கர்ணா'வில் தாமே கர்ணனானார். இரண்டும் பெரிய படங்கள். இரண்டையும் நம் ஊர் கொண்டாடியது. ஆனால் சினிமாக் கர்ணன் தனியாகச் சாகிறான். சுற்றியிருப்பது குருக்ஷேத்திரம், ஊர் இல்லை.

கூத்தைக் கூத்தாகப் படம்பிடித்தவர்களும் உண்டு. திரௌபதி வழிபாட்டை ஆண்டுக்கணக்கில் ஆய்ந்த ஆல்ஃப் ஹில்டபெய்டல், செஞ்சி வட்டாரத் திருவிழாவை வைத்து 1988-இல் 'லேடி ஆஃப் ஜிஞ்ஜி' என்ற ஆவணப்படத்துக்குக் காரணமாக இருந்தார். சசிகாந்த் அனந்தாச்சாரி திரௌபதி அம்மன் விழாக்களைத் தொடர்ந்து பார்த்து ஒரு முழுநீள ஆவணப்படம் எடுத்தார். முரளி மனோகரின் 'கர்ண மோட்சம்' குறும்படம், எஸ். ராமகிருஷ்ணனின் எழுத்தில், நகரத்துக்கு ஆட வந்த கூத்துக் கலைஞர் ஒருவரின் நிலையைக் கதையாகச் சொன்னது. இவற்றில் கூத்து பற்றிய படம் இருக்கிறது. ஓர் இரவுக் கூத்து முழுதாக இல்லை. அது அவர்கள் நோக்கமும் இல்லை.

இரவைக் குறைத்த இன்னொரு வழியும் உண்டு. இலங்கையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' போன்றவற்றைத் தயாரித்தபோது, விடிய விடிய ஆடும் நாட்டுக்கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். படித்தவர்கள் கூத்தை மதிக்கத் தொடங்கியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. இங்கே ந. முத்துசாமி புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கலையைக் கண்டு வியந்து எழுதியதும், 1977-இல் கூத்துப்பட்டறை தொடங்கியதும் அப்படித்தான். பெ. ராஜகோபாலும் ஹன்னா டி ப்ரூயினும் காஞ்சிபுரத்தை மையமாக வைத்து 1990 முதல் நடத்திய கட்டைக்கூத்துச் சங்கம் பிள்ளைகளுக்கு, அதிலும் பெண்பிள்ளைகளுக்கு, கூத்துப் பயிற்சி தந்தது. மேடை பெரிதானது, மதிப்பு கூடியது. அதோடு மேடைக்கு ஏற்ற நேர அளவும் வந்தது.

இப்போது அந்த அளவு இன்னும் சுருங்கிவிட்டது. யூடியூபில் துகிலுரிதல் என்று தேடினால் பத்து நிமிடத் துண்டு கிடைக்கிறது. கால் வெட்டுப்பட்ட சட்டகம். அடவு எப்படி விழுகிறது என்று தெரியாது. மைக் கம்பத்தைச் சுற்றியே நடிகர் நிற்கிறார். ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த சத்தத்தில் முகவீணை காதைக் கிழிக்கிறது. பின்பாட்டு அடியில் போய்விடுகிறது. கேமராவுக்காகப் போட்ட வெள்ளை விளக்கில் கட்டை அட்டைபோல் தெரிகிறது. நடிகரும் கேமரா இருக்கும் ஒரு பக்கத்துக்கே ஆடத் தொடங்கிவிடுகிறார். மூன்று பக்கமும் சுற்றி உட்கார்ந்தவர்களில் இரண்டு பக்கத்தார் அவர் முதுகைப் பார்க்கிறார்கள்.

அதனால் படமே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போனவர்கள் தங்கள் ஊர்க் கூத்தைப் போனில் பார்த்துத்தான் ஆறுதல் அடைகிறார்கள். ஜமாவின் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் பாக்கு வைத்து ஆட்டத்துக்கு ஒப்பந்தம் செய்ய வருகிறார்கள். 2020-இல் ஊரடங்கு பங்குனி மாதத்தில், கூத்துப் பருவம் சூடுபிடிக்கும் நேரத்தில் விழுந்தபோது, ஆட்டம் நின்றது, வருமானம் நின்றது. ஊரார் கையில் மிஞ்சியது பழைய பதிவுகள்தான். படம் தேவை. எப்படி என்பதுதான் பேச்சு.

ஊர் இருக்கட்டும், முகத்தைத் துரத்த வேண்டாம்

கூட்டமும் படத்தில் இருக்க வேண்டும் என்று இவ்வளவு நேரம் வாதாடினேன். அதைக் கேட்டு யாராவது அழும் பெண்ணின் முகத்துக்கு நேரே போனை நீட்டினால், என் பேச்சு கெடுதலில் முடிந்துவிடும்.

படுகளத்தில் அழுகிறவர்கள் எல்லோரும் துரியோதனனுக்காக மட்டும் அழுவதில்லை. அந்த ஆண்டு மகனை இழந்த தாய் அங்கே இருப்பார். அவருக்கு வாய்விட்டு அழ ஊர் கொடுத்திருக்கும் இடம் அது. அருள் வந்து ஆடுகிறவருக்குத் தன் முந்தானை எங்கே இருக்கிறது என்று தெரியாது. மறுநாள் அந்தக் காட்சி தலைப்புப் போட்டு, பின்னணி இசையோடு ஊர் ஊராகச் சுற்றினால், அடுத்த ஆண்டு அவர் திடலுக்கு வரமாட்டார். வந்தாலும் அழமாட்டார். அழ ஆளில்லாத படுகளத்தில் கேமராக்கள் மட்டும் என்ன செய்யும்?

தூரத்தில் வைத்த அசையாத கேமரா இந்த இரண்டு சிக்கலையும் சேர்த்துத் தீர்க்கிறது. கூட்டம் முழுக்கத் தெரியும். தனி ஒருவரின் முகம் பிடிபடாது. அழுகை ஊருடையதாகத் தெரியும். கட்டையும் அரிதாரமும் எந்தத் தூரத்துக்காகச் செய்யப்பட்டனவோ அந்தத் தூரமும் கிடைக்கும். கலைக்கு எது சரியோ அதுவே மரியாதைக்கும் சரியாக அமைவது அபூர்வம்; இங்கே அமைந்திருக்கிறது. நெருங்கிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டென்றால் அது வாத்தியக்காரர்களின் கையும் ஆடுபவரின் காலும். அடுத்து வரும் பிள்ளைகளுக்குப் பாடமாவது அதுதான்.

ஆடியவரின் உரிமை

காப்புரிமை பற்றிப் பேசாமல் படம்பிடிப்பது பற்றிப் பேச முடியாது. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் ஒரு திருத்தம் வந்தது. நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்றை அது சேர்த்தது. இன்றுள்ள நிலையில் அந்த உரிமை 50 ஆண்டுகள் நிற்கும். தன் நிகழ்ச்சியைப் படமாகவோ ஒலியாகவோ பதிவதற்கும், அதைப் பொதுமக்களுக்கு வெளியிடுவதற்கும் இசைவு தரவேண்டியவர் ஆடியவரே. 2012 திருத்தம், தன் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்கவும், தன் பெயருக்குக் கேடு வரும்படி சிதைப்பதைத் தடுக்கவும் அவருக்கு உரிமை தந்தது. சொந்தப் பார்வைக்கும் பாடம் நடத்துவதற்கும் பதிவு செய்ய விலக்கு உண்டு.

சட்டம் சொல்லும் நிகழ்த்துநர் பட்டியலில் நடிகர், பாடகர், இசைக்கலைஞர், ஆடுபவர் மட்டும் இல்லை. பாம்பாட்டி உண்டு, கழைக்கூத்தாடி உண்டு, சொற்பொழிவு ஆற்றுபவரும் உண்டு. ஆக, இங்கே ஒலிவாங்கிக்கு முன் நிற்கும் எனக்குள்ள அதே உரிமை, விடிய விடிய நின்று பாடிய கர்ண வேஷக்காரருக்கும் உண்டு. என் பேச்சைப் பதிவுசெய்ய விழாக் குழுவினர் முன்கூட்டியே என்னிடம் கேட்டார்கள். அவரிடம் யார் கேட்கிறார்கள்?

தொடங்கலாம்

கடைசியாக, இந்த அறக்கட்டளைக்கும் அவைக்கும் என் வேண்டுகோள். ஆய்வுத் திட்டம், மாநாடு, மலர் என்று பெரிதாக எண்ண வேண்டாம். வரும் பருவத்தில் ஓர் ஊரைத் தேர்ந்தெடுங்கள். இரண்டே பதிவு: கர்ண மோட்ச இரவு ஒன்று, படுகளக் காலை ஒன்று. ஊர்ப் பெரியவர்களிடமும் ஜமா வாத்தியாரிடமும் முதலில் உட்கார்ந்து பேசுங்கள்; என்ன எடுக்கலாம், என்ன எடுக்கக் கூடாது என்பதை அவர்கள் சொல்லட்டும். கூட்டத்துக்குப் பின்னால் ஒரு கேமரா, களரி கட்டுவது முதல் மங்களம் வரைக்கும் நிற்காமல் ஓடட்டும். வாத்தியத்துக்கு அருகே இன்னொன்று. ஒலியைத் தனிக் கருவியில், மைக்கை நம்பாமல் பதியுங்கள். கேமராவுக்கென்று விளக்குப் போட வேண்டாம். டீ குடிக்கும் நேரத்தையும் கட்டியங்காரன் கேலியையும் நோட்டுக் குத்துவதையும் வெட்டாதீர்கள். அதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த இரவு.

அடுத்த பருவத்தில் எல்லை தாண்டிப் போய், அதே இரவைத் தெலுங்கு வீதி நாடகத்தில் பதியுங்கள். இரண்டையும் ஒரே இடத்தில் வையுங்கள். கர்ணனுக்கு இரண்டு மொழியில் எப்படி அழுகிறோம் என்று பேரப்பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பிரதியை ஒரே பெட்டியில் பூட்டாமல் மூன்று இடத்தில் வையுங்கள்: ஒன்று ஜமா வாத்தியாரிடம், ஒன்று கோயிலில், ஒன்று நூலகத்தில். கருவி மாறும்போதெல்லாம் புதிய வடிவத்துக்கு மாற்றும் பொறுப்பை அறக்கட்டளை ஏற்க வேண்டும்.

செலவுக் கணக்கு எழுதும்போது கேமரா வாடகைக்கு மேலே, முதல் வரியில், ஜமாவுக்குத் தரவேண்டிய தொகையை எழுதுங்கள். பதிவு முடிந்தபின் அதை முதலில் பார்க்க வேண்டியவர் ஆடியவர். வேண்டாம் என்று அவர் சொன்ன பகுதி வெளியே போகக் கூடாது. அடுத்துப் பார்க்க வேண்டியது, அழுத ஊர். ஆய்வாளர்களும் என்னைப் போன்ற சொற்பொழிவாளர்களும் அதற்குப் பிறகு வரிசையில் நிற்கலாம்.